ரோட்டைப் பார்த்த குருசு

ஒன்று, ஏழு. அதற்கப்புறம் படத்தில் மறைத்துக்கொண்டு புளோரா மைனியின் மெழுகுதிரி. மைனி அந்த எட்டு வயதில் மெழுகுதிரியை ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்திருந்தால் நாலு எண்ணும் தெரிந்திருக்கும். பரவாயில்லை, ஒன்றும் ஏழும் போதும். ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். சொச்சம் எவ்வளவாக இருந்தால் என்ன, தொண்ணூற்றொன்பது என்றே வைத்துக்கொண்டாலும் இருநூறு வருசத்துக்கு மேல் ஆகிறது, இன்ஜினியர் கேட்டது நூறு வருசம்தான், நான் இரட்டிப்பாகக் கொண்டு போகிறேன். பையைத் திறந்து இன்னொரு தடவை பார்க்கலாமா? வேண்டாம். வடசேரி ஸ்டாண்டிலிருந்து பஸ் வெளியே வருவதற்குள் மூன்று தடவை பார்த்தாயிற்று. பக்கத்து சீட்டில் பலாச்சக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாள் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்க்கிறாள், உள்ளே நகை இருக்கிறது என்று நினைக்கிறாளோ என்னவோ. நகைதான் அம்மா. அறுபத்தெட்டாம் வருசத்து நகை. புதுநன்மை, முதல் நற்கருணை, வாங்கிய பதினோரு பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் புளோரா மைனி பல் விழுந்த வாயோடு, பின்னால் எங்கள் ஊர்க் கல்குருசு, கல்லில் வெட்டிய சிலுவை, அதன் நெஞ்சில் ஒன்று, ஏழு. படத்தை எங்கள் பெயின்ட் கடையின் இரண்டு கலர் அட்டைகளுக்கு நடுவில் வைத்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருசம் அந்தக் கடையில் நின்றதற்கு அந்த அட்டைகள் இன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்கின்றன. காலை ஏழு மணிக்கு மைனி வீட்டில் போய் உட்கார்ந்தேன், காப்பி, இடியாப்பம், முட்டிவலி, மருமகளைப் பற்றிய புகார் எல்லாம் முடித்து ஒன்பதரைக்குத்தான் பீரோவைத் திறந்தாள் மைனி. அதற்குள் நான் நூறு தடவை செத்துப் பிழைத்திருப்பேன். “எமரென்சி, எங்கப்பன் எடுத்துத் தந்த படம் இது ஒண்ணுதான் உண்டும். ஓரம் மடங்கிச்சுண்ணா சும்மா விடமாட்டேன் கேட்டியா.” மடங்காது மைனி. உங்கள் தம்பியோடு இருபத்தொன்பது வருசம் குடும்பம் நடத்தியவள், ஒரு படத்தைப் பத்திரமாகக் கொண்டுபோக எனக்குத் தெரியாதா? சிரிப்பு வருகிறது. அறுபது வயதில் பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தால் சக்கைக்காரம்மாள் என்ன நினைப்பாள், நினைக்கட்டும், இன்றைக்கு என்னை யாரும் பிடித்து நிறுத்த முடியாது. மணி பத்து ஐந்து. தெங்கன்குளம் போய்ச் சேர நாற்பது நிமிடம். பத்தே முக்கால். பதினொன்றுக்குள் போய்விடலாம், தாராளமாகப் போய்விடலாம்.

பார்வதிபுரம் தாண்டியதும் இடப்பக்கம் ரோட்டோரச் சிலுவை நிற்கும் ஒரு குருசடி, நீலமும் வெள்ளையும், நீலம் எங்கள் கடைச் சரக்கு மாதிரித் தெரிகிறது, வெயிலில் வெளுக்காத ரகம், யாரோ நல்ல காசு போட்டு அடித்திருக்கிறார்கள். டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து வலக்கையை எடுத்து நெற்றியைத் தொட்டுக்கொள்கிறார், அவர் கழுத்தில் கிடப்பது உத்திராட்சம். இந்த ரோட்டில் எல்லா டிரைவரும் அப்படித்தான். குருசடிக்கு யாருடைய சாதியும் மதமும் தெரியாது, கதவு கிடையாது, பூட்டு கிடையாது, ஞானஸ்நானச் சீட்டை யாரும் கேட்பதில்லை. உப்பும் நல்லமிளகும் வாங்கிக் கல்லின் காலடியில் போட்டுவிட்டுக் குழந்தையின் மருவைக் காட்டிவிட்டுப் போகிறவர்களில் பாதிப்பேர் கோயிலுக்குள் வந்ததே கிடையாது. இதைத்தான் போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் குருசைக் கோயில் வளாகத்துக்குள் கொண்டுபோய் வைத்தால் ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், ஆண்டவரும் உள்ளே, நாயும் உள்ளே. சாவு எடுத்துப் போகும்போது பெட்டியை இறக்கி வைக்கிற இடம் அது, அந்த இடத்தில் இறக்காமல் எங்கள் ஊரில் ஒரு பெட்டியும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனதில்லை, என் வீட்டுக்காரரையும் அங்கேதான் இறக்கினோம், அவர்கள் போய் ஆறு வருசமாகிறது. கூட்டம் கூட்டியதே எங்கள் குருசை ரோட்டுக்காக எடுக்கப் போகிறார்கள் என்பதற்குத்தான். ரோட்டை அகலப்படுத்த வந்த இன்ஜினியர் நல்ல மனிதர், மதுரைப் பக்கம், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். “நூறு வருஷத்துக்கு மேல பழசுன்னு ஏதாவது ஒரு ஆதாரம் குடுங்கம்மா, நான் மேல எழுதி ரோட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளப் பார்க்கிறேன். சனிக்கிழமை பதினொரு மணி வரைக்கும் டைம். இல்லேன்னா நாங்களே கிரேன் வச்சு எடுத்து உங்க கோயில் வளாகத்துல பத்திரமா வச்சுத் தந்துடுறோம்.” நியாயமாகத்தான் பேசினார். நாலாயிரம் பேர் இருக்கிற ஊரில் ஒருவரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எங்கள் பங்குச் சாமியார் ஹில்லாரி, சின்னப் பையன், முப்பது வயதிருக்கும், ஊருக்கு வந்து எட்டு மாதம்தான், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார். “எழுத்து, கல்வெட்டு, வருஷம், ஏதாவது யாருக்காவது ஞாபகம் இருக்கா?” நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். அவர் கண் என்மேல் வந்து நின்றுவிட்டுப் போயிற்று. நான் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நகச்சாயம் பாதி உரிந்திருந்தது, ஏன் முழுவதையும் துடைக்காமல் வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுத்து இருப்பது எனக்குத் தெரியும். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பஸ் ஏன் நிற்கிறது, ஓ, சுங்கான்கடை ஸ்டாப், நாலு பேர் ஏறுகிறார்கள், மெதுவாக ஏறுங்கள், நன்றாக ஆற அமர ஏறுங்கள், எனக்கு என்ன அவசரம். எண்பத்தொன்பதாம் வருசம். என் வீட்டுக்காரருக்கு அரசு பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்து, எங்கள் ஊர் வழியே போகிற வண்டியிலேயே போட்டார்கள், ஒரு நாளைக்கு எட்டு நடை. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். எட்டு நடைக்கும் நான் குருசடிப் பக்கம் எதையாவது சாக்கு வைத்துப் போய் நிற்பேன், தண்ணீர் எடுக்க, முருங்கைக்கீரை பறிக்க. அவர்கள் ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை நெற்றிக்குக் கொண்டுபோவார்கள். குருசைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று கேட்டால், “ரெண்டும் ஒரே தெசையில நிக்குதுல்லா பிள்ள” என்பார்கள். ததேயுஸ் என்று அப்போஸ்தலரின் பெயரை வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிற மனிதர். ஆனால் அது ஒரே திசை இல்லை. அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. பழைய நடைபாதை குளத்தங்கரை வழியே போன காலத்தில் வைத்த குருசு, அதனால் குளத்தைப் பார்த்து நின்றது. பஸ் ரோடு பிற்பாடு போட்டது, குருசுக்கு முதுகுப் பக்கமாக. என் வீட்டுக்காரர் அறுபது எழுபது உயிரை ஏற்றிக்கொண்டு தினமும் எட்டுத் தடவை அந்த முதுகைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். ஆண்டவர் ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த வருசம் பக்கத்து ரூட்டில் ஒரு வண்டி பாலத்திலிருந்து கவிழ்ந்தது. அன்றைக்கே நேர்ந்துகொண்டேன், என் வளையலைப் போட்டாவது குருசடிக்குத் தரை கட்டி, மேற்கூரை போட்டு, கல்லை ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைக்கிறேன், நீர் அவரைப் பார்த்துக்கொள்ளும். பேரம்தான். ஆண்டவரிடம் பேரம் பேசாத பெண்பிள்ளை எங்கள் ஊரில் யார் இருக்கிறாள்?

அதற்கு வாய்ப்பும் தானாக வந்தது. பழைய சாமியார் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வருவதற்கு நடுவில் நாலு நாள். ஊரில் யாருக்கும் ஆட்சேபமில்லை, தரை போடுகிறாள், கூரை போடுகிறாள், போடட்டும், ரோட்டைப் பார்த்து வைத்தால் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் நல்லதுதானே என்றார்கள். செல்லக்கண்ணு கொத்தனார்தான் வேலை. சுற்றிலும் ஓலை மறைப்புக் கட்டிக்கொண்டு, நாலு பேரை வைத்துக் கம்பும் கயிறுமாகக் கல்லைக் கிளப்பித் திருப்பினார். திருப்பும்போது, அந்தப் படம் எடுத்ததற்கப்புறம் வருசா வருசம் திருநாளுக்குத் திருநாள் அடித்த சுண்ணாம்பு, ஒரு விரற்கடை கனம் இருக்கும், அப்பளம் மாதிரி உடைந்து விழுந்தது. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நானும் அவரும்தான் நின்றோம். அவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, விரலால் கல்லைத் தடவினார். “யக்கா, இதுல எழுத்து கெடக்கு. நம்பரும் கெடக்கு. பழைய எழுத்தாக்கும். புதுச் சாமியாரு வரட்டு, ஒரு வார்த்த சொல்லீட்டுச் செய்யலாம்.” புதுச் சாமியார் வந்து எழுத்தைப் பார்த்தால் பிஷப்பிடம் சொல்வார், பிஷப் ஆளனுப்புவார், தொடாதே என்பார்கள், இருந்தபடியே குளத்தைப் பார்த்து வை என்பார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்கு மூன்றாவது நடை போயிருந்தார்கள், இன்னும் ஐந்து நடை பாக்கி இருந்தது. நான் கல்லைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. “பூசிருங்க” என்றேன். செல்லக்கண்ணு கரண்டியை எடுத்தார். பூசுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அவர் வேறு சாமி கும்பிடுகிறவர். சிமென்ட், அதன்மேல் வெள்ளிச் சாயம், அப்புறம் பத்து வருசம் கழித்து மஞ்சள், அப்புறம் எங்கள் கடைக் கிரீம் கலர். பூசிருங்க. அந்த ஒரு வார்த்தைக்கு மேல் முப்பத்தாறு வருசத்தில் எத்தனை கோட்டிங் அடித்தாயிற்று.

சரி, அதையே நினைத்துக்கொண்டிருக்க இன்றைக்கு நேரமில்லை. இன்றைக்கு நல்ல நாள். படம் பையில் இருக்கிறது. ஆனால் படத்தை நீட்டினால் போதுமா? இன்ஜினியர் முதலில் என்ன கேட்பார், படத்தில் எழுத்து இருக்கிறதே, கல்லில் எங்கே என்று கேட்பார். சிமென்டுக்கு அடியில் என்று சொல்ல வேண்டும். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார். அங்கேதான் இடிக்கிறது. இரண்டாவதாக, படத்தில் குருசுக்குப் பின்னால் ரோடும் ஒரு மாட்டுவண்டியும் தெரிகின்றன, இப்போது முன்னால் ரோடு இருக்கிறது, இது எப்படி என்பார். திருப்பினது ஊருக்கே தெரியும், வயதானவர்கள் சொல்வார்கள், அது குற்றமில்லை. குற்றம் அந்தப் பூச்சுதான். ஒரு வழி இருக்கிறது. செல்லக்கண்ணு செத்துப் பன்னிரண்டு வருசமாகிறது. கொத்தனார் கவனிக்காமல் பூசியிருப்பார் என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஒரு வார்த்தை, அதுவும் முழுப் பொய்கூட இல்லை, பூசியது அவர் கைதானே. நான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை, படத்தைப் பார்த்து ஊகித்தேன் என்றால் போதும். குருசும் நிற்கும், என் மானமும் நிற்கும். மூன்றாவது பெஞ்சில் மறுபடியும் நிமிர்ந்து உட்காரலாம். ஆ, எவ்வளவு சுளுவாக வருகிறது. ஆனால் சந்தையில் எதிரே வரும்போதெல்லாம் செல்லக்கண்ணு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார், இருபது வருசத்துக்கு மேல், ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை, கள்ளுக்கடையில்கூடச் சொல்லியிருக்க மாட்டார், சொல்லியிருந்தால் எப்படியும் என் காதுக்கு வந்திருக்கும். அப்படிப்பட்ட மனிதரை. சே. சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எப்படித் தொடங்குவது, ஃபாதர், ஒரு விசயம் உண்டும். ஃபாதர், அன்றைக்கு நான் சின்னப்பிள்ளை. இருபத்துநாலு வயதா சின்னப்பிள்ளை? ஃபாதர், எனக்கு அவர்கள்மேல் அவ்வளவு பிரியம். இதைச் சொன்னால் ஊர் முழுக்கச் சிரிக்கும். சிரிக்கட்டும். இல்லை, சிரிக்க மாட்டார்கள், போன ஞாயிறு நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார்கள்.

போன் அடிக்கிறது. பெர்க்மான்ஸ், எங்கள் பங்குச் செயலாளர், மூச்சு வாங்குகிறான். “எமரென்சியக்கா, எங்க இருக்கிய? கிரேன் பத்து மணிக்கே வந்துட்டுது. அடுத்த வேலைக்குப் போணுமாம், பெல்ட்டு கட்டீட்டு நிக்கானுவ.” “தொடவிடாத பெர்க்மான்ஸு. படம் கெடச்சாச்சு. ஒண்ணு ஏழுண்ணு எழுதியிருக்கு.” “என்னது, கேக்கல்ல. என்னத்த எழுதியிருக்கு?” “நம்பர். குருசுல நம்பர். நான் வரட்டு, இன்ஜினியர்கிட்டச் சொல்லு, நான் வந்துட்டிருக்கேன்னு சொல்லு.” வில்லுக்குறி இறக்கத்தில் சிக்னல் போய்விட்டது. சக்கைக்காரம்மாளுக்கு இனிமேல் தாங்காது. “என்ன விசயம் மக்களே, ஆசுத்திரிக்கா?” “இல்லம்மா, எங்க ஊரு குருசடி, எடுக்கப் போறாவ, எழுநூறாம் வருசத்துப் படம் எங்கிட்ட இருக்கு, இல்ல, படம் அறுபத்தெட்டு, கல்லு எழுநூறு.” அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் முன்னால் திரும்பிக் கண்டக்டரைக் கூப்பிட்டு, “தம்பி, கொஞ்சம் வெரசா விடச் சொல்லு, அம்மைக்கு ஒரு அவசரம்” என்று சொல்லிவிட்டாள், கண்டக்டர் டிரைவரிடம் சொன்னார், டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வண்டி உறுமியது. இருபத்து நாலு வயதில் ஹாரன் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடுவேனே அதே மாதிரி, சீட்டை விட்டு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊர் ரோட்டுக்குத் திரும்பிவிட்டது. இந்த வளைவில் அவர்கள் எப்போதும் இரண்டாவது கியருக்கு வருவார்கள். இருபத்தேழு வருசம் வண்டி ஓட்டினார்கள், ஒரு கோழியின்மேல்கூட ஏற்றியதில்லை. எல்லோரும் நல்ல டிரைவர் என்றார்கள், மாலை போட்டு அனுப்பினார்கள், எனக்கு மட்டும் தெரியும் யார் முகத்தைத் திருப்பிவைத்து அந்தப் பெயர் வாங்கினோம் என்று. அவர்களிடம் ஒரு நாள் சொன்னேன், எழுத்து விசயத்தை இல்லை, திருப்பின விசயத்தை, எதற்காகத் திருப்பினேன் என்பதை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். “எனக்காக ஆண்டவரையே சுத்தவிட்டியா பிள்ள?” என்று கேட்டார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான் மிச்ச வருசத்தை ஓட்டினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள். அவர்கள் போனபிறகும் சாயங்காலம் போய்க் குருசடியில் உட்காருகிறேன். பஸ் வரும், போகும், ஓட்டுகிறவன் வேறு யாரோ, கையை நெற்றிக்குக் கொண்டுபோவான், கல் அவன் முகத்தைப் பார்க்கும். அது போதும் எனக்கு. அதனால்தான் கோயில் வளாகத்துக்குள் போகக் கூடாது. ஊருக்காக என்று கூட்டத்தில் சொல்லலாம், பெட்டி இறக்குகிற இடம் என்று சொல்லலாம், எல்லாம் உண்மைதான், ஆனால் எமரென்சி, உன்னிடமே பொய் சொல்லாதே, உனக்காகத்தான்.

பள்ளிக்கூடம், ரேசன் கடை, முந்திரித் தோப்பு. கிரேனின் கொக்கி தென்னந்தலைகளுக்கு மேலே தெரிகிறது, மஞ்சள் கலர், வெயிலில் கண் கூசுகிறது. கொக்கி சும்மா தொங்கவில்லை, கயிறு விறைப்பாக நிற்கிறது. தூக்கிவிட்டார்கள். மணி பத்து நாற்பத்திரண்டுதானே, பதினொன்று என்றுதானே சொன்னார், இறங்கணும், இறங்கணும், டிரைவர் குருசடிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார், அது ஸ்டாப்பே இல்லை. கீழே இறங்கினால் ஊரே நிற்கிறது. யாரும் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை, எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், முன்வரிசையில் நாலைந்து பெண்கள் தார்ரோட்டில் முழந்தாள் போட்டிருக்கிறார்கள். கல்குருசு பீடத்திலிருந்து ஒரு முழ உயரத்தில், இரண்டு பெல்ட்டுக்கு நடுவில் தொங்குகிறது. அதன் நெஞ்சிலிருந்த பூச்சு இல்லை. பெல்ட் இறுகினதில் மொத்தமாக விட்டுப் பிரிந்து கீழே கிடக்கிறது, கிரீம், மஞ்சள், வெள்ளி, சிமென்ட், நான் பெயர் சொல்லக்கூடிய அத்தனை அடுக்கும். கறுத்த கல்லில் ஒன்று, ஏழு, நாலு, மூன்று. அதற்குக் கீழே இரண்டு வரி எழுத்து. நாலு, மூன்று. ஆயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்று, நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியவில்லை, பெர்க்மான்ஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். “அக்கா, அற்புதம், புதுமை பாத்தியளா? அவனுவ தூக்கின ஒடனே ஆண்டவரே காட்டித் தந்துட்டாரு. இன்ஜினியர் படம் எடுத்து மேல அனுப்பியாச்சு. எடுக்க மாட்டாவ அக்கா, இங்கயே வைக்கச் சொல்லீட்டாரு.” நின்றது. குருசு நின்றுவிட்டது. படத்தை நான் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. எடுக்க வேண்டிய தேவையே இல்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. ஆண்டவரே, இவ்வளவு லேசாகவா விடுவீர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் பெர்க்மான்ஸ் இன்ஜினியரைப் பார்த்துத் திரும்பிச் சொன்னான். “எல்லாம் அந்தக் கொத்தன் செல்லக்கண்ணு பண்ணின வேல சார். எழுத்தறிவு இல்லாத ஆளு, கண்ண மூடிட்டுப் பூசியிருக்கான். நம்ம சாமியோட அரும அவனுக்கு எப்பிடித் தெரியும்?” இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். ஒருவன் காறித் துப்பினான்.

நான் யோசிப்பதற்கு முன்னால் என் வாய் பேசிவிட்டது. “அவருக்கு எழுத்து தெரியும். எழுத்து கெடக்குண்ணு எங்கிட்டச் சொல்லத்தான் செய்தாரு. பூசச் சொன்னது நானாக்கும்.” கூட்டம் என் பக்கம் திரும்பியது. ஹில்லாரி சாமியார் மெதுவாக என் பக்கத்தில் வந்தார். “எதுக்கும்மா?” என்று கேட்டார், கோபமாகக் கேட்டிருந்தால் சுளுவாக இருந்திருக்கும். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. “எங்க வீட்டுக்காரரு, அவ்வோ, வண்டி ஓட்டீட்டுப் போகும்போ ஆண்டவரு முதுகக் காட்டீட்டு நிக்கப்பிடாதுண்ணு ஃபாதர். எழுத்தப் பாத்தா திருப்ப விடமாட்டாவண்ணு பயந்துட்டேன். போன ஞாயித்துக்கெழமயும் பயந்துதான் இருந்தேன்.” முழந்தாள் போட்டிருந்தவர்களில் ஒருத்தி எழுந்து சேலையில் ஒட்டிய ஜல்லியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். இன்னொருத்தி எழுந்தாள். புதுமை போயிற்று. பெர்க்மான்ஸ் என் கையை விட்டுவிட்டான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது, ஆனால் பஸ்ஸில் வந்த சந்தோசம் அப்படியே இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. இன்ஜினியர்தான் முதலில் பேசினார், அவருக்கு வேலை நடக்க வேண்டும். “கிரேன் வெயிட்டிங்ல இருக்கு ஃபாதர், இறக்கணும். முதல்ல இது எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சும்மா?” சாமியார் என்னைப் பார்த்தார், அப்புறம் ரோட்டைப் பார்த்தார், என் பஸ் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தது, ஜன்னலெல்லாம் தலை. “இருந்த மாதிரியே ரோட்டைப் பார்த்து வச்சிடலாம்மா. யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல” என்றார் மெல்லிய குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படியாக. நல்ல பையன். ஆம் என்று தலையாட்டினால் போதும். நான் கல்லைப் பார்த்தேன், முப்பத்தாறு வருசமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது சிமென்டை, இப்போதுதான் முதல் தடவையாக அதன் முகத்தைப் பார்க்கிறேன். யாரோ, குளத்தங்கரையில் நடந்து போன யாருக்காகவோ, அந்தப் பக்கம் பார்த்து வைத்த முகம். “குளத்தப் பாத்து” என்றேன். கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். “குளத்தப் பாத்துதான் நிண்ணுது. அப்பிடியே வையுங்க.” கிரேன்காரர் கையை அசைத்தார், இரண்டு பேர் கல்லின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள், அது மெல்ல ஆடி, மெல்லச் சுற்றி, என் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிற்று. எல்லோரும் எழுத்தைப் பார்க்கக் குளத்துப் பக்கம் ஓடினார்கள். நான் ரோட்டுப் பக்கத்திலேயே, அவர்கள் அந்தக் காலத்தில் கும்பிட்ட முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.